கையேட்டின் பதிப்பு எண் எங்கே இருக்க வேண்டும்?

திருகோணமலையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். படகின் பின்னால் மாட்டும் அவுட்போட் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் இடமொன்றுக்குப் பராமரிப்புக் கையேடு எழுதுகிறாராம். ஆங்கிலத்தில் எழுதி, பிறகு தமிழுக்கும் சிங்களத்துக்கும் போகிறது. கணினியில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘புது ஃபைனல்’ என்று பதினான்கு கோப்புகள், எது சரியானது என்று அவருக்கே தெரியவில்லை. என்ன செய்வது?

கோப்பின் பெயரை நம்புவதை முதலில் விடுங்கள் தங்கை. பெயரை யாரும் மாற்றலாம், அச்சடித்தால் அது தாளில் வரவே வராது. திருத்திய திகதியும் உதவாது, திறந்து ஒருமுறை சேமித்தாலே அது மாறிவிடும். எண் ஆவணத்துக்கு உள்ளே, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்க வேண்டும்: ‘பதிப்பு 3.1, 2025-03-07, பக்கம் 4/18’. ஆண்டை முதலில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 03/07 என்றால் நமக்கு ஜூலை 3, அமெரிக்கக் கொம்பனிக்காரருக்கு மார்ச் 7.

எண்ணை எப்போது கூட்டுவது? எழுத்துப் பிழை, படத்தின் இடம் போன்றவை என்றால் 3.1 என்பது 3.2 ஆகட்டும். மெக்கானிக்கின் கை செய்கிற வேலை மாறினால், அது ஒரே ஒரு இலக்கம் என்றாலும், 4.0. அப்புறம் இரண்டாம் பக்கத்தில் ஒரு அட்டவணை. அதில் ‘சில திருத்தங்கள்’ என்று எழுதாதீர்கள், அதனால் யாருக்கும் பயனில்லை. ‘பக்கம் 7: கியர் ஒயில் மாற்றும் இடைவெளி 200 மணித்தியாலத்திலிருந்து 100 ஆனது, தயாரிப்பாளரின் புதிய அறிவித்தலின்படி’ என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து வருபவருக்கும் விளங்கும்.

மொழிபெயர்ப்பில்தான் உண்மையான ஆபத்து. சில வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு கையேட்டில், புது எஞ்சினுக்கு முதல் 10 மணித்தியாலம் பெற்றோலும் ஒயிலும் 25:1, அதன் பிறகு 50:1 என்ற வரியை ஆங்கிலத்தின் மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தேன். தமிழ்த் தாள் இரண்டாம் பதிப்பிலிருந்து போனது, அதில் 50:1 மட்டும்தான், அதாவது புது எஞ்சினுக்கு வேண்டிய ஒயிலில் பாதி. லமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்த அந்தத் தாளைப் பார்த்துத்தான் கலந்தார்கள். கழற்றியபோது பிஸ்டன் முழுக்கக் கீறல். கடன் வாங்கி எடுத்த எஞ்சின் அது. அன்றிலிருந்து என் தமிழ், சிங்களப் பக்கங்களின் அடியில் ‘ஆங்கிலப் பதிப்பு 3.0இலிருந்து’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். ஆங்கிலம் 4.0 ஆகி, மற்ற இரண்டும் 3.0இல் நின்றால் ஒரு பார்வையிலேயே பிடிபடும்.

மென்பொருள் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வேர்டில் ‘கம்பேர்’ இருக்கிறது, இரண்டு கோப்புகளைக் கொடுத்தால் வித்தியாசத்தைக் காட்டும். இந்தப் பதினான்கையும் அதில்தான் பிரித்தெடுங்கள். கூகுள் டொக்ஸ் என்றால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வேர்ஷன் ஹிஸ்டரியில் பெயர் வைக்கலாம். கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருள் அருமையானதுதான், ஆனால் அது வெறும் எழுத்துக் கோப்புகளுக்கே பொருந்தும். வேர்ட் கோப்பு உள்ளே ஒரு ஸிப் பொதி, அதாவது சுருக்கிக் கட்டியது, அதனால் கிட் அதை வரிவரியாக ஒப்பிட்டுக் காட்டாது.

வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் மட்டும் அனுப்புங்கள், வேர்ட் கோப்பு உங்களிடமே இருக்கட்டும். பிரதி யார் யாரிடம், எந்தச் சுவரில் என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். புதிய பதிப்பு வந்தால் நீங்களே போய், பழைய தாளைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகு புதியதை மாட்டுங்கள்.