ஆரம்பகால ஹெவி சைக்கடெலிக் ராக் (கனத்த கிடாரும் மயக்கும் ஒலிகளும் கலந்த ராக் இசை) எனக்கு வெறும் இரைச்சலாகத்தான் கேட்கிறது. எந்த ஆல்பத்தில் தொடங்கினால் பிடிபடும்?

ஹை டைட் என்ற லண்டன் குழுவின் ‘ஸீ ஷாண்டீஸ்’. 1969இல் வந்தது, மொத்தம் ஆறே பாட்டு.

ராக் கேட்டுப் பழகியவர்கள் பலரும் இதைத் தொடக்கமாகச் சொல்ல மாட்டார்கள், பிங்க் ஃப்ளாய்ட் குழுவிலிருந்து வாருங்கள் என்பார்கள். நான் இதைச் சொல்வதற்குக் காரணம், உங்களுக்கு இரைச்சலாகத் தெரிகிறதே, அதுதான் இந்த இசைக்கு உயிர். அந்த இரைச்சல் எதனால் ஆனது என்று காதாலேயே பிரித்துப் பார்க்க எனக்கு உதவிய ஆல்பம் இதுதான்.

நான்கு பேர் கொண்ட குழு. டோனி ஹில் கிடார் வாசித்துப் பாடுகிறார், பீட்டர் பாவ்லி பேஸ் (அடி ஒலி தரும் கிடார்), ராஜர் ஹாடன் டிரம்ஸ், அப்புறம் சைமன் ஹவுஸ் வயலின். ஆமாம், வயலின். நம் கச்சேரிகளில் வயலின் பாடகருக்குப் பின்னால் நிழல் மாதிரி வரும், பாடகர் நிறுத்திய இடத்தில் எடுத்துக் காட்டும், திரும்ப அவரிடமே விட்டுவிடும். அந்தப் பழக்கத்தோடு நான் இதைப் போட்டபோது திகைத்துப் போனேன். இங்கே வயலின் யாருக்கும் வழிவிடுவதில்லை. கிடார் ஒரு பக்கம் ஓட, அதே நேரம், அதே உயரத்தில், அதே சத்தத்தில் வயலினும் வேறொரு பக்கம் ஓடுகிறது. நீ முதலில், நான் பிறகு என்ற பேச்சே இல்லை.

சரி, அது ஏன் இரைச்சலாகிறது? கிடார் கம்பியை மீட்டினால் ஒலி எழுந்து தேய்ந்துவிடும். வயலினில் வில் இழுபடும் வரை ஒலி நீளும். இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே அதுதான். ஆனால் ஆம்ப்ளிஃபயரை அதன் தாங்கும் சக்திக்கு மேல் தள்ளும்போது ஒலி அலையின் முகடு வெட்டுப்படுகிறது, புதிய மேல்சுரங்கள் (மூலச் சுரத்தோடு கூடவே ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) சேர்கின்றன, கிடார் ஒலியும் சீக்கிரம் தேயாமல் வயலின் போலவே நீள்கிறது. ஒரே மாதிரி நீளும் இரண்டு ஒலிகள் ஒரே இடத்தில் மோதினால் காது இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும். நான் முதல் தடவை கேட்டது ஃபோன் ஸ்பீக்கரில். அதில் பேஸின் அடி ஒலி வரவே வராது, தரையை உருவிவிட்டு மேலே நடக்கும் சண்டையை மட்டும் கேட்கிற மாதிரி. இரண்டாவது பாட்டிலேயே நிறுத்திவிட்டேன். பிறகு ஒரு ராத்திரி நல்ல ஹெட்ஃபோனில் கேட்டபோது பாவ்லியின் பேஸ் அடியில் ஒரே பிடியாக நிற்பது தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டால் மேலே எது எங்கே போனாலும் தொலைந்து போக மாட்டோம்.

முதல் பாட்டு ‘ஃப்யூட்டிலிஸ்ட்ஸ் லமெண்ட்’ எடுத்த எடுப்பிலேயே கனத்த கிடாரோடு வந்து விழும். ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக்குக்கு முன்னோடி என்று சொல்லப்படும் பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பம் வந்தது 1970 பிப்ரவரியில். அதற்கு முன்பே இவ்வளவு கனம் இருந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். ஆனால் நீங்கள் அதில் தொடங்க வேண்டாம். மூன்றாவது பாட்டு ‘புஷ்ட், பட் நாட் ஃபர்காட்டன்’ அமைதியாக ஆரம்பிக்கும், ஹில்லின் ஆழ்ந்த குரல் தனியாகக் கேட்கும் (டோர்ஸ் குழுவைக் கேட்டவர்களுக்கு அதன் பாடகர் ஜிம் மாரிசன் நினைவு வரும்), திடீரென்று மொத்தக் குழுவும் பொங்கி எழுந்து மறுபடி அடங்கும். எது மென்மை, எது கனம் என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டுவதால் முதலில் இது.

அதற்கப்புறம் ‘டெத் வார்ம்ட் அப்’. ஒன்பது நிமிடம், பாட்டுக்குரலே கிடையாது. ஒரு தடவை வயலினை மட்டும் துரத்துங்கள். வில்லால் எழும் சுரத்தின் தொடக்க விளிம்பு மழுங்கலாக இருக்கும், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும். கிடாரில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அடுத்த தடவை கிடாரை மட்டும். மூன்றாவது தடவை எதையும் துரத்தாமல் சும்மா கேளுங்கள். எனக்கு அந்த மூன்றாவது தடவையில்தான் இரண்டும் ஒன்றையொன்று நன்றாகக் கேட்டுக்கொண்டேதான் மோதுகின்றன என்று புரிந்தது, உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஆல்பத்தின் பெயரைப் பற்றி ஒன்று. ஷாண்டி என்பது பாய்க்கப்பல் மாலுமிகள் கயிறு இழுக்கும்போது பாடிய வேலைப்பாட்டு, நம் கடற்கரையில் வலை இழுக்கும்போது பாடும் அம்பா மாதிரி. அப்படி ஒரு பாட்டுகூட இதில் இல்லை, தேடாதீர்கள். ஹை டைட் என்றால் கடல் ஏற்றம். அது மட்டும் மிகப் பொருத்தம்.

பிற்காலத்து சிடியில் கூடுதல் பாட்டுகள் சேர்த்திருப்பார்கள். முதல் தடவை ஆறாவது பாட்டான ‘நோவேர்’ முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். பிடித்துப்போனால் 1970இல் குழுவின் பெயரிலேயே வந்த அடுத்த ஆல்பம் இருக்கிறது, மூன்றே பாட்டு, மூன்றும் நீளம். சைமன் ஹவுஸின் வயலின்மேல் ஆசை வந்துவிட்டால் அவர் பிறகு சேர்ந்த ஹாக்விண்ட் குழுவின் 1974 ஆல்பம் ‘ஹால் ஆஃப் தி மவுண்டன் கிரில்’ கேளுங்கள். அங்கே அவருக்கு இன்னும் கொஞ்சம் காற்றோட்டமான இடம் கிடைத்திருக்கிறது.