செமஸ்டர் நடுவில் ராணுவ அழைப்பு: கிரெடிட் என்ன ஆகும்?

அமெரிக்காவில் நேஷனல் கார்டு, ரிசர்வ் என்ற பகுதிநேர ராணுவப் படைகளில் இருந்துகொண்டே கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. பாதிப் படிப்பில் பணி உத்தரவு வந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு, ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் என் பதில்கள்.

டாலஸிலிருந்து ஒரு அம்மா: மகன் டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. நவம்பர் நடுவில் கிளம்ப வேண்டுமாம். இந்த செமஸ்டரே போச்சா?

போகவில்லை அம்மா. டெக்சஸ் கல்விச் சட்டத்தின் 54.006ஆம் பிரிவில் மூன்று வழிகள் இருக்கின்றன. கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். மதிப்பெண் பட்டியலில் 'ராணுவப் பணிக்காக விலகல்' என்ற குறிப்போடு பாடத்தை இன்கம்ப்ளீட்டாக, அதாவது பிறகு முடிக்கும்படி பாக்கியாக, வைத்துக்கொள்ளலாம். பெரும்பகுதியை நன்றாக முடித்திருந்தால், பேராசிரியர் பார்த்து இறுதி கிரேடோ கிரெடிட்டோ (பாடத்தை முடித்ததற்கான அலகு) தரலாம். எந்த வழி என்று தேர்வு செய்வது மாணவர்.

பணம் திரும்ப வருகிறது என்றதும் பலர் முதல் வழிக்கு ஓடுகிறார்கள். செப்டம்பரில் உத்தரவு வந்திருந்தால் நானும் அதையே சொல்வேன். நவம்பர் நடுவில், ஏறக்குறைய முக்கால் செமஸ்டர் முடிந்த பிறகு அது வீண். முதலில் ஒவ்வொரு பேராசிரியரிடமும் இறுதி கிரேடு கேட்கச் சொல்லுங்கள். கட்டுரை மட்டும் பாக்கி என்றால் இன்கம்ப்ளீட் சரிப்படும், எங்கிருந்தாலும் எழுதி அனுப்பிவிடலாம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப் பாக்கி என்றால் குவைத் முகாமில் உட்கார்ந்து எப்படி முடிப்பது? இன்னொன்று, இன்கம்ப்ளீட்டுக்கு வழக்கமாக ஒரு கெடு உண்டு; தாண்டினால் பல கல்லூரிகளில் தானாகவே எஃப் (தோல்வி) விழும். பணி முடிந்து திரும்பும்வரை கெடுவை நீட்டித்து எழுத்தில் வாங்காமல் விமானம் ஏற வேண்டாம்.

நியூ ஜெர்சி மாணவி: திரும்பி வந்தால் மறுபடி அட்மிஷனுக்கு விண்ணப்பிக்கணுமா? நான் கிரீன் கார்டுதான்.

புதிதாகப் போட்டியிட வேண்டாம். மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் சேர்ந்துள்ள எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான விதி இது, தனியார் கல்லூரிகளும் அடக்கம். கிரீன் கார்டா குடியுரிமையா என்று அது பார்ப்பதில்லை. உங்கள் பணி தொடர்ந்து 30 நாளுக்கு மேல் இருக்க வேண்டும். பணிக்காக விலகியிருந்த காலம், சில விலக்குகள் தவிர, மொத்தம் 5 ஆண்டைத் தாண்டக் கூடாது. பணி முடிந்த 3 ஆண்டுக்குள் திரும்பி வருவதாகத் தெரிவிக்க வேண்டும். காயம், நோய் என்றால் குணமான பிறகு 2 ஆண்டு. விட்ட இடத்தில், அதே கிரெடிட் எண்ணிக்கையோடு சேர்த்துக்கொள்வார்கள். முதல் கல்வியாண்டுக்குப் பழைய கட்டணம்தான் (கூடுதல் தொகையை ராணுவக் கல்விச் சலுகை கட்டுமானால் மட்டும் புதுக் கட்டணம் கேட்கலாம்). கிளம்புமுன் தகவல் சொல்லிவிடுங்கள். வாய்மொழியே போதும் என்கிறது விதி, ஆனால் மின்னஞ்சல் அனுப்பி உத்தரவின் நகலையும் இணையுங்கள்.

ஹூஸ்டன் மாணவர்: இரண்டு வார ஆண்டுப் பயிற்சி மிட்டெர்ம் அன்றைக்கு வருகிறது. அதே விதி உதவுமா?

உதவாது, 30 நாள் ஆகவில்லையே. பெரும்பாலும் கல்லூரியின் சொந்த விதியையும் பேராசிரியரின் மனசையும்தான் நம்ப வேண்டும். தேதி தெரிந்த அன்றே போய்ப் பேசுங்கள்.

அட்லாண்டாவிலிருந்து ஒரு அப்பா: ராணுவப் பயிற்சிக்கே கிரெடிட் கிடைக்குமாமே?

கிடைக்கலாம். ராணுவம், கடற்படை, மரைன், கடலோரக் காவல் படைக்கு ஜாயின்ட் சர்வீசஸ் டிரான்ஸ்கிரிப்ட் என்ற பயிற்சிப் பதிவுச் சான்று உண்டு. அதைக் கேட்டால் இலவசமாக அனுப்புவார்கள். விமானப் படைக்குத் தனிக் கல்லூரியே உண்டு, சான்றை அதுதான் தரும். எந்தப் பயிற்சிக்கு எத்தனை கிரெடிட் என்று அமெரிக்கக் கல்விக் கவுன்சில் பரிந்துரைக்கும், ஏற்பது கல்லூரியின் விருப்பம். அடிப்படைப் பயிற்சி பெரும்பாலும் உடற்கல்விக் கணக்கில்தான் போய் விழுகிறது. மெக்கானிக், மருத்துவ உதவியாளர் பயிற்சி என்றால் துறைத் தலைவரிடம் நேரே பேசுங்கள், முதன்மைப் பாடத்துக்கே (மேஜர்) ஒத்துப்போகக்கூடும்.

அதே அப்பா: பெல் கிராண்டை (மத்திய அரசின் படிப்பு உதவித்தொகை) திருப்பிக் கட்டணுமா?

அழைப்பால் விலகியவரிடம், படித்த நாளுக்கு உரியதைவிடக் கூடுதலாகப் போய்விட்ட கிராண்டைக் கேட்காமல் விடச் சட்டத்தில் வழி உண்டு. கடன் வேறு கணக்கு, அது தள்ளுபடி ஆகாது. ரிசர்வ் வீரரை 30 நாளுக்கு மேல் அழைத்தால், அந்தக் காலம் (3 ஆண்டு வரை) கடனைக் கட்டத் தொடங்குமுன் தரும் ஆறு மாதச் சலுகைக் காலத்தில் கழியாது. கடன் வசூலிக்கும் நிறுவனத்துக்கும் உத்தரவின் நகல் ஒன்று போகட்டும்.