வெள்ளம், தீ, வைரஸ்: தொழில் நிற்காமலிருக்க வாசகர் கேட்டவை

கேள்வி: தினமும் ராத்திரி டேலி கணக்கை வெளி ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுக்கிறோம். போதாதா? (ஜவுளி மொத்த வியாபாரி, ஈரோடு)

பதில்: அந்த ஹார்டு டிஸ்க் ராத்திரி எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டர் மேஜையிலேயே என்றால், தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் 2021 மார்ச் 10 அன்று எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் சிலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். ஒரு பிரதியாவது வேறு ஊரிலோ கிளவுடிலோ இருக்கட்டும்.

அப்புறம், எடுத்த பேக்கப்பை எப்போதாவது திறந்து பார்த்தீர்களா? நான் எல்லோரிடமும் வற்புறுத்திக் கேட்பது இதைத்தான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், தினசரி பேக்கப் ஓடவே இல்லை. ஓடவில்லை என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்பு ஒரு பொறியாளர் வேறு வேலைக்காக எடுத்துவைத்த பிரதிதான் காப்பாற்றியது. மாதம் ஒருநாள் வேறொரு கம்ப்யூட்டரில் உங்கள் பேக்கப்பை ஏற்றி, கடைசி பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வெளிநாட்டு பையர் ஆர்டிஓ, ஆர்பிஓ எவ்வளவு என்று கேட்கிறார். என்ன எழுதுவது? (பின்னலாடை ஏற்றுமதி, திருப்பூர்)

பதில்: வேலை எத்தனை மணி நேரத்துக்குள் மறுபடி ஓட வேண்டும் என்பது ஆர்டிஓ. எவ்வளவு நேரத்துத் தகவல் போனாலும் சமாளிக்கலாம் என்பது ஆர்பிஓ. ராத்திரி 9 மணிக்குப் பேக்கப் எடுத்து, மறுநாள் மாலை 6 மணிக்கு சர்வர் படுத்தால் 21 மணி நேர வேலை போச்சு. அப்படியிருக்க ஆர்பிஓ ஒரு மணி நேரம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். ஷிப்பிங் ஆவணங்கள், சம்பளக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

கேள்வி: 2023 மிக்ஜாம் புயலில் பட்டறைக்குள் தண்ணீர் வந்தது. ஜெனரேட்டரை மேலே ஏற்றிவிட்டோம். வேறென்ன? (அம்பத்தூர்)

பதில்: நல்ல வேலை. மின் பேனலும் டீசலும் கீழேயே இருந்தால் அவற்றையும் ஏற்றுங்கள். அடுத்து ஆட்களை யோசியுங்கள். 2015 டிசம்பர் 2 அன்று சென்னையில் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் வெளிவரவில்லை. 1878-இல் தொடங்கியதிலிருந்து அப்படி நின்றதில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியாததுதான் காரணம். இயந்திரம் தப்பித்தும் ஓட்ட ஆள் இல்லாத நிலை உங்களுக்கும் வரலாம். பட்டறைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் யார், யாருக்கு எந்த மெஷின் தெரியும், வங்கியில் கையெழுத்துப் போட இரண்டாவது ஆள் யார் என்று காகிதத்தில் எழுதி, நாலு பேர் வீட்டில் வையுங்கள். செல்போன் டவர் விழுந்த நாளில் வாட்ஸ்அப் குழு உதவாது.

கேள்வி: கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் வந்தால் முதல் வேலை? (கோவை)

பதில்: நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். பதற்றத்தில் பேக்கப் டிஸ்கைச் செருகிவிடாதீர்கள், அதுவும் பூட்டப்படும். தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிப்பது 2022 முதல் கட்டாயம்.

கேள்வி: இன்சூரன்ஸ் இருக்கிறதே? (சிவகாசி)

பதில்: சாதாரண தீ விபத்து பாலிசி கட்டடம், இயந்திரம், சரக்கின் சேதத்துக்குத்தான். வேலை நின்ற நாட்களின் லாபத்துக்கும், நிற்காமல் ஓடும் சம்பளம், வட்டிக்கும் லாப இழப்பு பாலிசி தனியாக வேண்டும். எத்தனை மாதத்துக்கு ஈடு என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். புது பிரிண்டிங் மெஷின் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்க எத்தனை மாதம் ஆகும் என்று டீலரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.