கேம்பிரிட்ஜ் நகர மன்றத் தேர்தல்: விடுபட்ட ஆண்டுகள் பற்றி

வணக்கம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகர மன்றத் தேர்தல் பட்டியலில் 2013, 2017, 2020 ஆண்டுகளுக்குப் பொதுத் தேர்தல் முடிவே கிடைக்கவில்லை, 2021இல் மட்டும் வார்டுக்கு மூன்று பேர் வென்றதாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பட்டியல் சரிதான். தயவுசெய்து எதையும் அழித்துவிடாதீர்கள்.

அங்கே 14 வார்டுகள், 42 உறுப்பினர்கள். ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல்; நான்காம் ஆண்டு கவுண்டி (நகரத்தையும் உள்ளடக்கிய பெரிய நிர்வாகப் பகுதி) மன்றத்தின் தேர்தலுக்கு உரியது. 2013, 2017 அத்தகையவை. 2020 தேர்தல் கொரோனாவால் தள்ளிப்போனது.

2021இல் வார்டு எல்லைகள் மாறியதால் 42 இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடந்தது. ஒருவர் மூன்று பேருக்கு வாக்களிக்கலாம். வென்ற மூவரில் அதிக வாக்கு பெற்றவருக்கு 2024 வரை பதவி, அடுத்தவருக்கு 2023, மூன்றாமவருக்கு 2022.

கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். 2021இன் வாக்குகளைக் கூட்டி வாக்குப்பதிவு சதவீதம் போட்டால் இரண்டு, மூன்று மடங்காக வீங்கித் தெரியும். வாக்குச்சீட்டுகளின் எண்ணிக்கையை எடுங்கள். கட்சிகளை ஒப்பிட, ஒவ்வொரு கட்சியிலும் முதலிடம் பிடித்த வேட்பாளரின் வாக்கை மட்டும் கொள்ளுங்கள்.

பட்டியலை 1973இலிருந்து தொடங்குங்கள். இன்றைய அமைப்பிலான நகர மன்றம் பொறுப்பேற்றது 1974 ஏப்ரல் 1 என்றாலும், அதற்கான தேர்தல் முந்தைய ஆண்டே நடந்துவிட்டது.