அரசரே பெயர் மாற்றினார், கொள்ளுத்தாத்தாவின் பத்திரம் எங்கே?

கேள்வி: என் மனைவியின் கொள்ளுத்தாத்தா லண்டனில் குடியேறிய ஜெர்மானியர். ரொட்டிக்கடை வைத்திருந்தார். முதல் உலகப் போரில் ஷ்மிட் என்ற குடும்பப் பெயரை ஸ்மித் என்று மாற்றிக்கொண்டாராம். 'அரசர் பெயர் மாற்றியதும் எல்லா ஜெர்மன் பெயர்களையும் மாற்றச் சட்டம் போட்டார்கள்' என்பது வீட்டில் சொல்லும் கதை. அந்தச் சான்றிதழை எடுத்துத் தர ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அப்படி ஒரு சட்டமே வரவில்லை, அப்புறம் சான்றிதழ் எங்கிருந்து வரும்?

வீட்டுக் கதையில் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் கொதித்தது தெருதான். ஜெர்மன் வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக, கடற்படைத் தலைமையில் இருந்த பாட்டன்பர்க் இளவரசர் லூயி 1914 அக்டோபரில் பதவி விலக வேண்டியிருந்தது. 1915 மே மாதம் லூசிட்டானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மனி மூழ்கடித்ததும் ஜெர்மன் பெயர்ப்பலகை தொங்கிய கடைகளைக் கூட்டம் அடித்து நொறுக்கியது. ரொட்டிக்கடைகள்தான் அதிகம் அடிபட்டன. 1917 ஜூன் 13 அன்று ஜெர்மனியின் 'கோத்தா' விமானங்கள் லண்டனில் குண்டு வீசின. கிழக்கு லண்டனின் பாப்ளர் பகுதிப் பள்ளி ஒன்றில் மட்டும் 18 குழந்தைகள் இறந்தார்கள். அரச வம்சத்தின் பெயரோ சாக்ஸ்-கோபர்க்-கோத்தா! ஜூலை 17 அன்று அரசர் ஐந்தாம் ஜார்ஜ் அதை வின்ட்சர் ஆக்கினார், பாட்டன்பர்க் குடும்பம் மவுன்ட்பேட்டன் ஆனது. அந்த அறிவிப்பு அரச குடும்பத்தை மட்டுமே கட்டுப்படுத்தியது. ஆகவே 1917 என்று பிடிவாதமாக நிற்காமல் 1914, 1915-இலிருந்தே தேடுங்கள்.

பிரிட்டிஷ் குடிமகன் எந்தக் காகிதமும் இல்லாமல் பெயரை மாற்றிக்கொள்ளலாம். பெயர் மாற்றப் பத்திரம் ('டீட் போல்') எழுதியவர்களிலும் பெரும்பாலோர் அதை நீதிமன்றத்தில் பதிந்ததில்லை. பதிவு இன்றும் விருப்பம்தான். நூறு வருடமாக இந்த ஓட்டையை அடைக்க யாருக்கும் மனம் வரவில்லை, அதில்தான் ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள். பதிந்திருந்தால் அரசிதழான 'லண்டன் கெஜட்'டில் விளம்பரம் வந்திருக்கும். அதை இணையத்தில் நீங்களே இலவசமாகத் தேடலாம். பதிவேடு லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். அவர் குடியுரிமை பெறாத ஜெர்மானியராகவே இருந்திருந்தால் கதை வேறு. எதிரி நாட்டவர் பெயர் மாற்றவே போர்க்காலத்தில் தடை இருந்தது. 1919-இல் எல்லா வெளிநாட்டவருக்கும் நீட்டித்த அந்தத் தடை 1971 வரை நீடித்தது. உள்துறை அமைச்சரின் அனுமதி போன்ற சில விலக்குகளே இருந்தன. கொள்ளுத்தாத்தாவின் மனைவியையும் பாருங்கள். லண்டனிலேயே பிறந்த பெண்ணாக இருந்தாலும், ஜெர்மானியரை மணந்ததும் சட்டப்படி அவரும் ஜெர்மானியர்தான்! கணவர் குடியுரிமை பெற்றால்தான் அவருக்கும் பொதுவாகத் திரும்பக் கிடைக்கும். 1918-இல் எதிரி நாட்டவரின் மனைவியர் தனியாக விண்ணப்பிக்க வழி திறந்தது. எனவே கணவர் பெயரில் எதுவும் கிடைக்காவிட்டால் மனைவி பெயரில் உள்துறைக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த ஏஜென்ட் அடுத்து 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று கேடயம் வரைந்த சட்டகத்தை நீட்டுவார். இங்கிலாந்தில் சின்னம் தனிமனிதருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும்தான். ஒரே குடும்பப் பெயர் இருக்கிறதென்று யாருக்கும் உரிமை வராது. வின்ட்சரோடு உறவு என்று வம்ச மரம் விற்பவர்களும் உண்டு. ஒரு காசு கொடுக்காதீர்கள்.

சரி, முதல் வேலையாக 1911, 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அந்தக் குடும்பத்தைத் தேடுங்கள். பிறகு இடையில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை வாங்குங்கள். எந்தப் பிள்ளையிலிருந்து ஸ்மித் என்று எழுதியிருக்கிறதோ, அந்த வருடத்தை ஒட்டிக் கெஜட்டைப் புரட்டுங்கள்.