உட்கார்ந்திருந்த மாணவன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் டெக்சாஸில் வசிக்கிறேன். மகன் எட்டாம் வகுப்பு. பள்ளியில் தினமும் காலையில் கொடியைப் பார்த்து உறுதிமொழி சொல்கிறார்கள். போன மாதம் ஒரு மாணவன் எழுந்திருக்கவில்லையாம். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் பாடத்தைத் தொடங்கிவிட்டார். "அது தப்பில்லையா அப்பா?" என்று மகன் கேட்டான். "நாம் குடியேறி வந்தவர்கள், இந்த வம்பு நமக்கு வேண்டாம், நீ எழுந்து நின்று சொல்லிவிடு" என்றேன். ஆனால் மனம் சமாதானமாகவில்லை. மரபுகளைக் கற்பிக்கும்போதே அவற்றை மறுத்தவர்களைப் பற்றியும் கற்பித்தால் பிள்ளைகளுக்கு நாட்டின் மேல் பிடிப்பு போய்விடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஆசிரியர் மாணவனை அதட்டாமல் விட்டது சரி. ஒன்றுமே பேசாமல் பாடத்துக்குப் போனதுதான் எனக்கு வருத்தம். அமெரிக்கக் குடிமையியலின் மிகச் சிறந்த பாடத்தைத் தொடங்க அதைவிட நல்ல நேரம் அவருக்கு வாய்க்கப்போவதில்லை.

உறுதிமொழியை எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி என்ற பாப்டிஸ்ட் போதகர். கொலம்பஸ் வந்திறங்கிய 400ஆம் ஆண்டைப் பள்ளிகள் கொண்டாடுவதற்காக 1892இல் ஒரு பத்திரிகையில் அது வெளியானது. முதலில் 'என் கொடி' என்றுதான் இருந்தது. குடியேறி வந்தவர்கள் மனதுக்குள் பழைய நாட்டின் கொடியை நினைத்துக்கொள்வார்களோ என்ற சந்தேகத்தில், 1923இல் நாட்டின் பெயரைச் சேர்த்தார்கள். உங்களைப் போன்றவர்களை நினைத்தே திருத்தப்பட்ட வாசகம் அது. இந்த வம்பில் நீங்கள் ஏற்கெனவே இருக்கிறீர்கள்.

1935இல் பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் ஊரில், கடவுளைத் தவிர வேறெதையும் வணங்கக் கூடாது என்று நம்பும் 'யெகோவாவின் சாட்சிகள்' என்ற கிறிஸ்தவப் பிரிவின் குடும்பத்தைச் சேர்ந்த அக்காளும் தம்பியும் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தார்கள். பள்ளி அவர்களை வெளியேற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1940இல் எட்டு நீதிபதிகள் பள்ளியின் பக்கம் நின்றார்கள். ஹார்லன் ஸ்டோன் ஒருவர் மட்டும் மறுத்தார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பிராங்பர்ட்டர் வியன்னாவில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்குக் குடியேறியவர். தேசிய ஒற்றுமையே முதன்மை என்பது அவர் வாதம். நீங்கள் மகனிடம் சொன்னதற்கும் அதற்கும் அதிகத் தொலைவில்லை.

அடுத்து நடந்ததுதான் வகுப்பறையில் நிதானமாகச் சொல்லப்பட வேண்டியது. தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே பல ஊர்களில் யெகோவாவின் சாட்சிகளைக் கும்பல்கள் தாக்கின. மேய்ன் மாநிலத்தின் கென்னபங்கில் அவர்களுடைய வழிபாட்டுக் கூடத்துக்குத் தீ வைத்தார்கள். 1942இல் மூன்று நீதிபதிகள், 1940இல் தாங்கள் தவறாகத் தீர்ப்பளித்துவிட்டதாக வெளிப்படையாக எழுதினார்கள். பின்னர் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து இன்னொரு வழக்கு வந்தது. 1943 ஜூன் 14 அன்று, உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது, நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் பழைய தீர்ப்பைக் கைவிட்டது. எந்தப் பிள்ளையையும் வணக்கம் செலுத்தும்படி பள்ளி கட்டாயப்படுத்த முடியாது என்றானது. அன்று அமெரிக்காவின் கொடி நாள்.

அந்தத் தீர்ப்பை எழுதிய ராபர்ட் ஜாக்சன், நீங்கள் கேட்ட கேள்விக்கே பதில் சொல்கிறார். பிள்ளைகளைக் குடிமக்களாக வளர்க்கும் இடம் என்பதாலேயே பள்ளி அவர்களுடைய உரிமைகளைக் கூடுதல் கவனத்துடன் காக்க வேண்டும்; இல்லாவிட்டால் அரசியலமைப்பின் கொள்கைகள் வெறும் வாய்ச்சொற்கள் என்றுதான் அவர்கள் கற்றுக்கொள்வார்கள் என்கிறார். நான் இதை முழுமையாக நம்புகிறேன். ஒரு பெரிய போரின் நடுவிலும் தன் தவறைத் திருத்திக்கொண்ட நாடு என்று தெரிந்தால் பிள்ளைக்குப் பிடிப்பு ஏன் குறைய வேண்டும்? அர்த்தம் தெரியாமல் தினமும் ஒப்பிக்கும் வரிகளால் வரும் பிடிப்பு எத்தனை நாள் தாங்கும்?

கேரளத்தில் மூன்று பிள்ளைகள் இதே நம்பிக்கையால் தேசிய கீதத்தைப் பாடாமல் மரியாதையாக நின்றார்கள். 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு நம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது, இந்த அமெரிக்க வழக்குகளையும் எடுத்துப் பேசினார். மகனுடன் உட்கார்ந்து இரண்டு தீர்ப்புகளையும் படியுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நிச்சயம் புரியும்.

அதன்பின் எழுந்து நின்று சொல்வதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். மனமாரச் சொன்னால் எனக்கும் மகிழ்ச்சிதான். வேண்டாம் என்றால், டெக்சாஸ் சட்டப்படி பெற்றோர் எழுத்துமூலம் பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படி ஒரு நாள் அவன் கேட்டால், தயங்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

அன்புடன்.