ஏறாத பி பிளாட்: ட்ரொம்போனின் உச்சச் சுரங்கள் பற்றிய கேள்வி-பதில்

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் நெருங்கியதும், வன்னிப் பாடசாலைகளின் பாண்ட் வாத்திய அணிகளிலிருந்து எனக்கு வரும் கேள்விகளிற் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: குழாயை நீட்டிக் குறுக்கி வாசிக்கும் பித்தளை ஊதுகருவியான ட்ரொம்போனில் மேற்சுரம் ஏன் வருவதில்லை? அவற்றுட் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன். எந்தச் சுரத்தைக் குறிக்கிறோம் என்பதில் மயக்கம் நேராதிருக்க, பியானோவின் நடு சி-யை (261 ஹேர்ட்ஸ்) அடையாளமாக வைத்துக்கொள்வோம். அதற்கு மேலுள்ள எஃப்-ஐ (349) மேல் எஃப் என்றும், அதற்கும் மேலுள்ள பி பிளாட்டை (அரைச்சுரம் தாழ்த்திய பி; 466) மேல் பி பிளாட் என்றும், அதனையும் தாண்டிய எஃப்-ஐ (698) உச்ச எஃப் என்றும் அழைக்கிறேன்.

கேள்வி: நான் கிளிநொச்சியில் தரம் 11இல் கற்கும் மாணவன். மேல் எஃப் வரை சுத்தமாக வாசிக்கிறேன். மேல் பி பிளாட்டுக்கு மவுத்பீஸை (உதட்டில் வைத்து ஊதும் கிண்ணத்தை) எவ்வளவு அழுத்தினாலும் காற்று மட்டுமே வருகிறது. இன்னும் எவ்வளவு அழுத்த வேண்டும், ஐயா?

பதில்: இன்னும் அழுத்தக் கூடாது, தம்பி. இப்போது அழுத்துவதிற் பாதியைக் குறைக்க வேண்டும். மேல் பி பிளாட் ஒலிக்கும்போது உங்கள் உதடுகள் செக்கனுக்கு 466 தடவை திறந்து மூடுகின்றன. அவ்வளவு விரைவாக அதிர வேண்டிய சதையை உலோக வளையத்தால் பல்லோடு சேர்த்து நெரித்தால் அது அதிர மறுக்கும்; இரத்த ஓட்டமும் தடைப்படும். அழுத்துவதாற் சில வேளை ஓரிரு சுரங்கள் மேலே கிடைப்பது உண்மை. பிள்ளைகள் அந்த வழியை நம்பிவிடுவதும் அதனாற்றான். ஆனால் கால் மணி நேரத்தில் உதடு மரத்து, ஏற்கெனவே இருந்த மேல் எஃப்-உம் போய்விடும். எனக்கு முதலில் ட்ரொம்போன் தந்தவர் "அழுத்து, வரும்" என்றே கற்பித்தார். அந்தப் பழக்கத்தை விட்டொழிக்க எனக்குக் கற்றதைவிடக் கூடிய காலம் எடுத்தது.

சுருதியை ஏற்றுபவை மூன்று. வாயின் இரு கடைகளும் உறுதியாக நின்று, நடு உதடு தளர்வாக இருந்து, இடைவெளி சிறிதாக வேண்டும். அந்தச் சிறிய இடைவெளியூடாகக் காற்று வேகமாகச் செல்ல வேண்டும். நாக்கின் நடுப்பகுதி "ஆ" என்னும் நிலையிலிருந்து "ஈ" என்னும் நிலைக்கு எழ வேண்டும். மூன்றாவதை நம்பாதவர்கள் விசில் அடித்துப் பார்க்கலாம்: சுருதி ஏற ஏற நாக்கு மேலெழுவதைத் தாமே உணர்வார்கள். ஹோர்ன் வாசிப்போரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வாசிக்கச் செய்து எடுத்த படங்களிலும் நாக்கின் இந்த அசைவு தெளிவாகத் தெரிகிறது.

இனிப் பயிற்சி. ஸ்லைடை (நீட்டிக் குறுக்கும் குழாயை) நான்காம் பொசிஷனில் (முழுவதும் மூடிய இடத்தை முதலாவதாகக் கொண்டு வெளியே எண்ணிவரும் நான்காம் இடத்தில்) வைத்து, நடு சி-க்கு அடுத்த டீ-யிலிருந்து அதற்கு மேலுள்ள ஜீ-க்கு, நாக்கால் தட்டாமல், மிக மெதுவான ஒலியில் உதட்டால் மட்டும் ஏறுங்கள். அது இலகுவானதும் மூன்றாம் பொசிஷனில் ஈ பிளாட்டிலிருந்து ஏ பிளாட்டுக்கும், பின்னர் இரண்டாம் பொசிஷனில் ஈ-யிலிருந்து ஏ-க்கும் ஏறுங்கள். கடைசியாக முதலாம் பொசிஷனில் எஃப்-இலிருந்து பி பிளாட்டுக்கு வரலாம். ஒவ்வொரு பொசிஷனுக்கும் ஒரு வாரமோ இரண்டு வாரமோ செல்லட்டும். இதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நான்காம் பொசிஷனில் அந்த ஜீ-யைப் பிடித்துக்கொண்டு, மூச்சை விடாமல், ஸ்லைடை மெல்ல மெல்ல உள்ளே இழுத்து முழுவதும் மூடுங்கள். உதடு அதே நிலையில் நிற்க, கருவியே உங்களைப் பி பிளாட்டுக்குத் தூக்கிச் செல்லும். இதனை ஒருநாளில் 10 அல்லது 15 நிமிடத்துக்கு மேற் செய்ய வேண்டாம்; வாசித்த அளவு நேரம் உதட்டுக்கு ஓய்வு கொடுங்கள். மெல்லிய ஒலியில் வராத சுரம் இன்னும் உங்களுடையதாகவில்லை என்றே கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் உள்ள ஈஸ்ட்மன் இசைக் கல்லூரியில் 1922 முதல் 1971 வரை கற்பித்த எமரி ரெமிங்டன், தம் மாணவரின் நாளை உச்சச் சுரத்தில் தொடங்க விடவில்லை. அவருடைய புகழ்பெற்ற நெடுஞ்சுரப் பயிற்சி நடுப்பகுதியிலிருந்து அரைச்சுரம் அரைச்சுரமாகக் கீழே இறங்குவது. மேலே ஏற விரும்புபவரும் காலையில் அங்கிருந்தே தொடங்குவது நல்லது.

கேள்வி: முல்லைத்தீவில் ஒரு பாண்ட் அணிக்குப் பொறுப்பான ஆசிரியை நான். மேல் பி பிளாட்டைத் தாண்டியதும் மாணவர்கள் ஒரு சுரத்துக்குப் பதிலாக அடுத்த சுரத்தில் விழுகிறார்கள். டீ எப்போதும் தாழ்வாகவே ஒலிக்கிறது. இது பிள்ளைகளின் பிழையா, கருவியின் பிழையா?

பதில்: இரண்டுமல்ல, குழாயின் இயல்பு. பௌதிகவியற் பாடத்தில் மேற்றொனி என்று நாம் கற்றதை ஓர் ஏணியாக எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 2.7 மீற்றர் நீளமான குழாயில் ஸ்லைடை மூடி வைத்தால், முதற்படி மிகத் தாழ்ந்த பி பிளாட் (58 ஹேர்ட்ஸ்). மற்றப் படிகள் அதன் இருமடங்கு, மும்மடங்கு என்று செல்லும். கீழ்ப்படிகளுக்கு இடையே ஓக்டேவ் (இருமடங்குச் சுருதி), ஐந்தாம் சுரம், நான்காம் சுரம் என்று அகலமான வெளி உண்டு. எட்டாம் படியாகிய மேல் பி பிளாட்டுக்கு மேலே படிகள் ஏறத்தாழ ஒரு முழுச்சுரம், பின்னர் அதற்கும் குறைவு என்று நெருங்கிவிடுகின்றன. கீழே உதடு சற்றுத் தவறினாலும் கருவி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே அதே தவறு அடுத்த படியிற் கொண்டுபோய் விடும். இன்னும் மேலே, ஏறத்தாழ 700 ஹேர்ட்ஸைக் கடந்ததும், பெல் (கருவியின் விரிந்த வாய்) ஒலியலையை உள்ளே திருப்பாமற் பெரும்பாலும் வெளியே விட்டுவிடுகிறது. திரும்பி வரும் அலை மெலிவதால் உதட்டைத் தாங்கிப் பிடிக்கும் துணை குறைகிறது. எனவே உச்ச எஃப்-இன் அயலில் பிள்ளை தன் காதையும் உதட்டையுமே நம்ப வேண்டியிருக்கிறது. நான் மாணவர்களை மேற்சுரங்களை முதலில் வாயாற் பாடச் சொல்வது இதற்காகவே. ஆண்பிள்ளைகள் கூச்சப்படுவார்கள், ஓர் ஓக்டேவ் கீழே பாடினாலும் போதும்.

டீ தாழ்ந்து ஒலிப்பதற்குக் காரணம், அது பத்தாம் படி என்பது. அந்தப் படி இயல்பாகவே அரைச்சுரத்தின் ஏழில் ஒரு பங்கு தாழ்வானது. முதலாம் பொசிஷனில் ஸ்லைடை மேலும் உள்ளே தள்ள இடமில்லை. ஆகவே டீ-யை நான்காம் பொசிஷனில் வாசிக்கப் பழக்குங்கள்: அங்கே அது பன்னிரண்டாம் படியாக, சுருதி சுத்தமாகக் கிடைக்கும். அதேபோல் ஈ பிளாட்டை மூன்றாம் பொசிஷனில் எடுக்கலாம். முதலாம் பொசிஷனின் பதினோராம் படி, ஈ பிளாட்டுக்கும் ஈ-க்கும் நடுவே எதிலும் சேராமல் நிற்பதால், அங்கே எடுப்பவர் ஸ்லைடைச் சிறிது வெளியே விட வேண்டும். மேல் பி பிளாட்டே மூன்றாம் பொசிஷனிலும் ஒன்பதாம் படியாக உண்டு. வேகமான பகுதிகளில் இது கையை மிச்சப்படுத்தும். ஏழாம் படி மட்டும் அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு தாழ்வு. அதை முதலாம் பொசிஷனில் ஏ பிளாட் என்று வாசிக்க விடாதீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு. டியூனிங் ஸ்லைடைச் (சுருதி சேர்க்கும் குழாயை) சற்று உள்ளே தள்ளிவிட்டு, முதலாம் பொசிஷனையே முழுதாக மூடாமல் ஒரு சென்ரிமீற்றர் அளவு வெளியே வைத்துக்கொண்டால், தாழ்ந்த சுரங்களை உயர்த்த இடம் கிடைக்கும். ஆனால் மைதானத்து வெயிலில் வெப்பம் கூடக் கூட எல்லாச் சுரங்களும் உயர்வதால், நிழலில் சுருதி சேர்த்துவிட்டு வெயிலில் அதே இடத்தை நம்பக் கூடாது.

கேள்வி: சிறிய மவுத்பீஸ் வாங்கிக் கொடுத்தால் மகனுக்கு மேற்சுரம் வருமா? (ஒரு தாயார், வவுனியா)

பதில்: சிறிது இலகுவாகலாம், வராத சுரத்தை அது வரவழைக்காது. ஆழம் குறைந்த கிண்ணம் மேற்சுரத்தின் ஒளியைக் கூட்டும். நடுச் சுரங்களின் பருமனைக் குறைக்கும். வாங்குவதற்கு முன்னர், இருக்கும் மவுத்பீஸ் கருவிக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள், அம்மா. இடப்பெயர்வில் எல்லாம் தொலைந்த பின், மீள்குடியேறிய பாடசாலைகள் பலவற்றுக்குக் கருவிகள் பல இடங்களிலிருந்தும் அன்பளிப்பாக வந்து சேர்ந்தன. ட்ரொம்போனில் மவுத்பீஸ் நுழையும் வாய் சிறிது, பெரிது என இருவகைப்படும். சிறிய தண்டு பெரிய வாயில் ஆடும். பெரிய தண்டு சிறிய வாயில் பாதியிலேயே நின்றுவிடும். கடதாசி சுற்றி இறுக்கிய மவுத்பீஸ்களை நான் எத்தனையோ இடங்களிற் கண்டிருக்கிறேன். அந்த நிலையில் எந்தப் பிள்ளைக்கும் மேற்சுரம் ஒழுங்காக அமையாது.

கேள்வி: மல்லாவியில் நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவன் நான். மேலே வாசிக்க வேண்டியவர்கள் ட்ரொம்போனிலும் திமிரி போன்ற ஒரு சிறிய கருவியை எடுத்துக்கொள்ள முடியாதா?

பதில்: மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். குறுகிய, சுருதி கூடிய திமிரிக்கும், நீண்ட, சுருதி தாழ்ந்த பாரிக்கும் உள்ள உறவு, ஆல்ட்டோ ட்ரொம்போனுக்கும் நாம் வழக்கமாக வாசிக்கும் டெனருக்கும் உள்ள உறவை ஒத்தது. ஆல்ட்டோவின் குழாய் ஈ பிளாட்டில் அமைந்து, டெனரைவிட ஒரு நான்காம் சுர இடைவெளி உயர்ந்தது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனியில், 1808இல் வியன்னாவில் முதன்முதலாக ஒலித்தது அது, இறுதிப் பகுதியில் ஆல்ட்டோ ட்ரொம்போன் உச்ச எஃப் வரை ஏறுகிறது. டெனரில் அது பன்னிரண்டாம் படி. ஆல்ட்டோவில் அது முதலாம் பொசிஷனின் ஒன்பதாம் படியே.

எனினும் கருவி சிறிதானதால் உதட்டின் வேலை குறைவதில்லை. 698 தடவை அதிர வேண்டியது எந்தக் கருவியிலும் 698 தடவைதான். படிகள் அகலமாக இருப்பதால் குறி தவறுவதே குறைகிறது. திமிரியின் இடத்தைப் பாரி பிடித்த வரலாற்றில் நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளை அவர்களின் பங்கை உங்கள் வீட்டில் என்னைவிட நன்கு அறிவார்கள். நாதத்தின் கனத்துக்காகவே அந்த மாற்றம் நேர்ந்தது. ஆல்ட்டோவை எடுப்பவரும் அந்தக் கனத்தை இழக்கத் தயாராக வேண்டும். இன்னொன்று: சீவாளியை இறுக்கிக் கடித்தாற் சுருதி ஏறும், நாதம் கெடும் என்று உங்கள் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். மேலே கிளிநொச்சித் தம்பிக்கு நான் சொன்னதும் அதுவே.

கேள்வி: போன வருடம் மைதானத்தில் மேற்சுரம் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தபோது கண் இருண்டு விழப் பார்த்தேன். இது நோயா? (மாங்குளம்)

பதில்: பெரும்பாலும் நோயன்று, ஆனாலும் பொருட்படுத்த வேண்டியது. உச்சச் சுரத்தைத் தொண்டையை அடைத்துத் தள்ளும்போது நெஞ்சறையின் அழுத்தம் உயர்ந்து, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. மூளைக்குச் செல்வதும் சற்றுக் குறைந்து தலை சுற்றுகிறது. நண்பகல் வெயில், தடித்த சீருடை, காலையில் உண்ணாமல் வந்தது ஆகியன சேர்ந்தால் விழுவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. தண்ணீர் குடித்து, உண்டு வாருங்கள். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்காதீர்கள். நீண்ட சுரத்தை இருவர் மாறி மாறி மூச்செடுத்துப் பிடிக்கலாம். வாசிக்காத நேரத்திலும் மயக்கம் வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அதேபோல், காற்றுக் கருவிகளில் உரத்து மேலே வாசிக்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் தற்காலிகமாக உயர்வதும் அறியப்பட்ட ஒன்று. குளுக்கோமா (கண் நரம்பைப் பாதிக்கும் நோய்) உள்ளவர்கள் கண் வைத்தியரைக் கேட்காமல் இந்தப் பயிற்சியில் இறங்கக் கூடாது.

கேள்வி: ட்ரொம்போனில் ஆகக் கூடிய சுரம் எது? (புதுக்குடியிருப்பு)

பதில்: கருவி எல்லை வகுப்பதில்லை, உதடே வகுக்கிறது. ஆனால் எது பயன்படும் என்பது வேறு கேள்வி. ராவெல் 1928இல் எழுதிய பொலேரோவில் வரும் ட்ரொம்போன் தனிப்பகுதி மேல் பி பிளாட்டில் தொடங்கி டீ பிளாட் வரை மட்டுமே செல்கிறது. இருந்தும் உலகெங்கும் தேர்ந்த கலைஞர்கள் அதற்கு அஞ்சுகிறார்கள்; ஏனெனில் நெடுநேரம் வாளாவிருந்துவிட்டு, குளிர்ந்த உதட்டோடு அங்கே நேராக ஏறி, மென்மையாகவும் வாசிக்க வேண்டும். ஜாஸ் உலகில் ஏர்பி கிரீன், பில் வாட்ரஸ் ஆகிய இருவரும் (இருவரும் 2018இல் மறைந்தனர்) மிக உயர்ந்த சுரங்களைக் கத்தாமற் பாடுவது போல் வாசித்தவர்கள். உச்ச எஃப்-க்கு மேலே கீச்சிடும் ஒலியை எழுப்பி நண்பர்களை வியக்கவைப்பது, என் கணிப்பில், சைக்கிளில் கையை விட்டு ஓடுவது போன்றது. பாடசாலை அணிக்குப் பி பிளாட் போதும்.

கேள்வி: பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறேன். மேற்சுரம் வாசிக்கலாமா? (செட்டிகுளம்)

பதில்: வாசிக்கலாம், அழுத்தாமல். பல் வைத்தியர் தரும் மெழுகைக் கம்பியின் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். உட்புற உதடு கிழிந்தால் ஆறும்வரை நிறுத்துங்கள். லூயி ஆம்ஸ்ட்ரோங் போன்ற மேதையே 1930களில் புண்பட்ட உதட்டால் மாதக்கணக்கில் வாசிக்க முடியாமல் இருந்தவர்.

கேள்வி: ஸ்லைட் இறுகி இழுபடுவதால் மேற்சுரம் உடைகிறது. எண்ணெய் விட்டும் பயனில்லை. (நெடுங்கேணி)

பதில்: ஸ்லைட் சிக்கும் ஒவ்வொரு முறையும் மவுத்பீஸ் உதட்டில் இடிக்கிறது; கீழ்ச்சுரம் அதைப் பொறுக்கும், மேற்சுரம் பொறுக்காது. தையல் மெசின் எண்ணெயோ தேங்காயெண்ணெயோ விட்டிருந்தால் முதலில் அதனை இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரிற் கழுவி அகற்றுங்கள்; செம்மண் தூசு அதில் ஒட்டிப் பசையாகியிருக்கும். நம் பகுதிக் கிணற்று நீர் கேத்திலில் வெள்ளைப் படிவு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு ஸ்லைடின் உள்ளேயும் சேரும். எனவே கடைசி அலசலுக்கும், ஸ்லைடிற் தெளிப்பதற்கும் கொதித்தாறிய நீரை வடித்துப் பயன்படுத்துங்கள். உள்குழாயின் நுனியில் மட்டும் ஸ்லைட் கிரீமை மெல்லியதாகத் தடவி, மேலே நீரைத் தெளியுங்கள். அதன் பின்னும் ஓரிடத்தில் மட்டும் சிக்கினால் வெளிக்குழாய் நெளிந்திருக்கிறது. அதனைச் சுத்தியலால் தட்டி நேராக்க முயலாமல், கருவி திருத்துபவரிடம் கொடுங்கள்.